மூன்று வருடச் சந்தா: எங்கள் வட்டார வேட்டை, மீன்பிடிச் சங்கம் எப்படி?

போன வாரம் சங்கச் சந்தாவை நான்காவது வருடத்துக்குப் புதுப்பித்தேன். குடும்பத்துக்கு 40 டாலர். இங்கே அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில், லான்சிங்கில் எங்களுக்குத் தெரிந்த இரண்டு தமிழ்க் குடும்பங்கள், "நாங்களும் சேரலாமா? அந்தக் கூட்டத்தில் நமக்கு என்ன வேலை?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சங்கத்தின் பெயரை எழுதப் போவதில்லை. குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அங்கே வேலை பார்ப்பவர்களோ ஒரு காசு சம்பளம் வாங்காதவர்கள். மிஷிகனில் இப்படிப்பட்ட சங்கங்கள் ஏராளம். நான் சொல்வதில் பெரும்பகுதி உங்கள் பக்கத்தில் இருப்பதற்கும் பொருந்தும்.

எங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது மகனுடைய பள்ளியில் இருந்த ஒரு மீன்தொட்டி. மிஷிகன் இயற்கைவளத் துறை பள்ளிகளுக்கென்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. நவம்பர் வாக்கில் சினூக் சால்மன் முட்டைகளைக் கொடுப்பார்கள். பிள்ளைகள் குளிரூட்டிய தொட்டியில் அவற்றைப் பொரிக்கவைத்து வளர்த்து, வசந்தத்தில் ஆற்றில் விட வேண்டும். மகன் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஆறு மாதமும் வீட்டில் அந்த மீன் பேச்சுதான். இன்றைக்குத் தண்ணீரில் அமோனியா கூடிவிட்டது, இன்றைக்கு இரண்டு குஞ்சு செத்துவிட்டது என்று தினமும் ஒரு சேதியோடு வருவான்.

மே மாதம் ஒரு காலை, கிராண்ட் ஆற்றங்கரையில், ஆளுக்கொரு காகிதக் கோப்பையில் விரல் நீளக் குஞ்சை வாங்கித் தண்ணீரில் விட்டார்கள். "அம்மா, இது திரும்பி வருமா?" என்று கேட்டான். நான் திணறினேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் முழங்காலிட்டு உட்கார்ந்து அவனுக்குப் பதில் சொன்னார். இங்கிருந்து மிஷிகன் ஏரிக்குப் போகும், பிழைத்தால் மூன்று நான்கு வருடம் கழித்து வளர்ந்து இதே ஆற்றில் ஏறும், லான்சிங் அணையைத் தாண்டுவதற்கு மீனுக்கென்றே படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள் என்றார். இந்த மீன் இந்த ஏரிக்குச் சொந்தமில்லை என்பதையும் அவர்தான் சொன்னார். இது பசிபிக் பக்கத்து மீன். ஏல்வைஃப் என்ற கடல் மீன் ஏரியில் பெருகி, கோடையில் குவியல் குவியலாகச் செத்துக் கரையொதுங்கி நாறிய காலத்தில், அதைத் தின்று குறைக்கட்டும் என்று 1966இல் கோஹோ சால்மனையும் அடுத்த வருடம் சினூக்கையும் மிஷிகன் கொண்டுவந்து விட்டது. அந்தப் பெரியவர் ஓய்வுபெற்ற தச்சர். எங்கள் சங்கத்தின் மீன் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். கிளம்பும்போது ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்து, சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது, தூண்டில் நாங்கள் தருகிறோம், பையனைக் கூட்டிவாருங்கள் என்றார்.

இடம் நகரத்துக்கு வெளியே அரை மணி நேரத் தூரம், சோள வயல்களுக்கு நடுவில். தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம், ஒரு குளம், மூன்று பக்கமும் மண்மேடு எழுப்பிய துப்பாக்கிப் பயிற்சித் திடல், வில் பழக மரங்களுக்கு ஊடே ஒரு பாதை. அவ்வளவுதான். கட்டடத்துக்குள் பழைய காபி வாசம் அடிக்கும். கழிப்பறை சுத்தமாக இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் வகுப்பில் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. புல்வெளியில் வரிசையாக நிற்கவைத்து, ஃப்ளை என்ற பொம்மைப் பூச்சியை வீசிப் பிடிக்கும் ஒன்பதடிக் கோலை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். தூண்டில் நரம்பின் நுனியில் முள் கிடையாது, ஒரு துண்டு மஞ்சள் கம்பளி நூல் மட்டும் கட்டியிருந்தது. என் அப்பா கண்மாயில் தூண்டில் போட்டவர். அவருக்கு மூங்கில் கழி, தங்கூசி, தக்கை, மண்புழு போதும். அதனால் எனக்கு ஓரளவு தெரியும் என்ற நினைப்பில் போயிருந்தேன். ஃப்ளையில் அந்தப் பழக்கம் எதுவும் உதவவில்லை. சாதாரணத் தூண்டிலில் இரையின் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் இரை என்பது முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிய பொம்மைப் பூச்சி, ஊதினால் பறக்கும். கனம் முழுவதும் நரம்பில் இருக்கிறது. கோலைப் பின்னால் வீசி, நரம்பு முதுகுக்குப் பின்னால் நேராக விரிந்து முடிக்கும்வரை பொறுத்து, அப்புறம் முன்னால் வீச வேண்டும். அந்தப் பொறுத்தல் ஒரு நொடிகூட இருக்காது. அதைப் பிடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. மகன் இருபது நிமிடத்தில் பிடித்துவிட்டான்.

சொல்லிக்கொடுத்த முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. தச்சர் யாருடைய கையையும் பிடித்துத் திருத்தவில்லை. "திரும்பிப் பாருங்கள்" என்பார், அவ்வளவுதான். தலையைத் திருப்பி நரம்பு பின்னால் விரிவதைக் கண்ணால் பார்த்ததும் கை தானாகச் சரியாகிவிடும். ஆறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆட்கள் நின்றார்கள். முடிச்சுப் போடத் தடித்த கயிறில் பழக்கி, பிறகு நரம்பில் போடவைத்தார்கள். இறுக்குவதற்கு முன்னால் முடிச்சை எச்சிலால் நனைக்கச் சொன்னார்கள். காய்ந்த நரம்பை இழுத்தால் உரசும் சூட்டில் அதன் பலம் போய்விடுமாம். ஒரு சின்னக் குறட்டால் முள்ளின் எதிர்ப்பல்லை நசுக்கிவிடவும் காட்டினார்கள். அந்தப் பல் இல்லாவிட்டால் மீன் வாயைக் கிழிக்காமல் முள்ளை எடுக்கலாம்.

இனி குறை. ஆற்றில் இறங்கும் நாளில் மார்பு வரை ஏறும் ரப்பர் உடை கொடுத்தார்கள். பத்து ஜோடி இருந்தது, பத்தும் பெரிய ஆண்களுக்கான அளவு. என் கால் அந்தப் பூட்ஸுக்குள் உருண்டது. முழங்கால் ஆழத்தில் ஒரு வழுக்குக் கல்லில் கால் வைத்ததும் விழுந்துவிட்டேன். இடுப்பில் பெல்ட் இறுக்கியிருந்ததால் உள்ளே தண்ணீர் அதிகம் ஏறவில்லை. ஏறியிருந்தால் எழுந்து நிற்பதே கஷ்டம். பெல்ட்டைக் கட்டாமல் ஒருவரையும் அவர்கள் தண்ணீரில் விடவில்லை என்பது அவர்களுடைய நல்ல பழக்கம். ஆனால் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வகுப்பு என்று சீட்டில் போட்டுவிட்டுச் சின்ன அளவு ஒன்றுகூட வைத்திருக்காததை எப்படிச் சரி என்று சொல்வது? மூன்று வருடமாகக் கேட்கிறேன். இந்த வருடம்தான் இரண்டு ஜோடி வாங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று, அட்டவணை. இணையத்தில் போடும் நாள்காட்டியை யாரும் நேரத்துக்குத் திருத்துவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனையும் அவன் நண்பனையும் ஏற்றிக்கொண்டு போனால், கதவு பூட்டியிருந்தது. வகுப்பை ஒரு வாரம் முன்பே ரத்து செய்துவிட்டார்களாம். தொலைபேசியில் கேட்கலாம் என்றால் யாரும் எடுப்பதில்லை. மின்னஞ்சலுக்கு ஒன்றிரண்டு நாளில் பதில் வரும். நீங்கள் சேர்ந்தால் முதல் வேலையாக அந்தந்தப் பிரிவுப் பொறுப்பாளரின் எண்ணை நேரில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வருடாந்திர நிதி விருந்தும் எனக்கு ஒத்துவரவில்லை. நுழைவுச் சீட்டு, குலுக்கல் சீட்டு, ஏலம் என்று மாலை முழுவதும் பணம் எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்து மேசைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, நீங்கள் யாருடைய மனைவி என்று கேட்டார். நான்தான் உறுப்பினர், கணவர் வீட்டில் இருக்கிறார் என்றேன். அதற்குப் பிறகு அவர் நன்றாகத்தான் பேசினார். ஆனாலும் அன்றைக்கு அந்தக் கேள்வி உறுத்தியது. அந்த விருந்தில் சேரும் பணத்தில்தான் பிள்ளைகள் வகுப்பு இலவசமாக நடக்கிறது என்று கணக்கைக் காட்டினார்கள். சரி, அவர்களுக்கு அது வேண்டும். ஆனால் ஒரு சங்கத்தைத் தெரிந்துகொள்ள முதல்முதலாக விருந்துக்குப் போகாதீர்கள். போயிருந்தால் நான் சேர்ந்திருக்க மாட்டேன்.

வேலை நாளுக்குப் போங்கள். நான் சொல்ல வந்ததே இதுதான். வருடத்தில் நாலைந்து சனிக்கிழமை ஆற்றில் வேலை செய்வார்கள். உறுப்பினர் இல்லாதவர்களும் வரலாம். என் முதல் வேலை நாள் செப்டம்பர் மாதம், ப்ரூக் ட்ரவுட் என்ற மீன் இருக்கும் ஒரு சின்னக் குளிர்நீர் ஓடையில். மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட் முடித்து நேராகப் போயிருந்தேன். சங்கிலி ரம்பம் வைத்திருந்த நால்வர் கரையிலிருந்த மரங்களை முன்பே அறுத்துத் தயாராக வைத்திருந்தார்கள். நாங்கள் பதினைந்து பேர் கயிறு கட்டி இழுத்து, அவற்றை ஓடைக்குள் சாய்வாகப் போட்டோம். கரையில் கம்பு அடித்துக் கம்பியால் கட்டினோம். ஓடையைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டுவிட்டு மரத்தை உள்ளே போடச் சொல்கிறார்களே என்று எனக்குக் குழப்பம்.

சாப்பாட்டு நேரத்தில் தச்சர் விளக்கினார். ட்ரவுட் சரளைக்கல்லில்தான் முட்டையிடும். பெண் மீன் வாலால் கல்லைக் கிளறிக் குழி பறித்து, முட்டையிட்டு, மேலே கல்லை மூடிவிடும். கல்லுக்கிடையே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்குப் பிராணவாயு கிடைக்கும். மணல் வந்து இடுக்கை அடைத்தால் முட்டை மூச்சுமுட்டிச் செத்துப்போகும். இந்த ஓடைக்குப் பக்கத்துச் சாலையிலிருந்து மணல் வந்துகொண்டே இருக்கிறது. ஓடை அகலமாகி, ஆழம் குறைந்து, வேகமும் போய்விட்டது. மரத்தைச் சாய்த்துப் போட்டால் தண்ணீர் ஒரு பக்கமாக ஒடுங்கி வேகம் பிடிக்கும், மணலைத் தள்ளிக்கொண்டு போய்ச் சரளையை வெளியே கொண்டுவரும். மரத்துக்கு அடியில் பள்ளம் விழும், மீனுக்கு நிழலும் ஒளிந்துகொள்ள இடமும் கிடைக்கும்.

அடுத்த அக்டோபரில் அதே இடத்துக்குப் போனோம். நாங்கள் போட்ட மூன்றாவது மரத்தின் நுனிக்குக் கீழே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, மணல் விலகிக் கல் தெரிந்தது. அதன் மேல் இரண்டு ப்ரூக் ட்ரவுட் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. ஆண் மீனின் வயிறு அந்தப் பருவத்தில் ஆரஞ்சு நிறமாகியிருக்கும். மகன் கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பார்த்தான். அன்று தூண்டிலை நாங்கள் வண்டியிலிருந்தே இறக்கவில்லை.

மணல் எங்கிருந்து வந்தது என்ற கதையில் இந்த மாநிலத்தின் வரலாறே இருக்கிறது. லான்சிங்கிலிருந்து நெடுஞ்சாலை 127இல் நேர் வடக்கே இரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகப் போனால் கிரேலிங் என்று ஓர் ஊர். ஆ சேபிள் ஆறு அதன் வழியாக ஓடுகிறது. ஊருக்கு அந்தப் பெயர் ஒரு மீனால் வந்தது. முதுகில் பாய்மரம் மாதிரி துடுப்புள்ள ஆர்க்டிக் கிரேலிங் அங்கே கொத்துக் கொத்தாக இருந்ததாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைப் பைன் காடுகளை வெட்டி, மரங்களை ஆற்றிலேயே மிதக்கவிட்டு ஓட்டினார்கள். அந்த மரங்கள் ஆற்றின் அடியைச் சுரண்டின. மரம் போன கரைகளிலிருந்து மணல் சரிந்து இறங்கியது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ட்ரவுட் வகைகள் போட்டிக்கு வந்தன. பிடித்தவர்களும் அளவில்லாமல் பிடித்தார்கள். 1930களில் மிஷிகனில் அந்த மீனே இல்லாமல் போனது. ஊருக்குப் பெயர் கொடுத்த மீன் அந்த ஊர் ஆற்றில் இல்லை என்பதை முதல்முறை கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 2016லிருந்து மாநில அரசும் லிட்டில் ரிவர் ஒட்டாவா பழங்குடி மக்களும் இன்னும் பல அமைப்புகளும் சேர்ந்து அதைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுகிறார்கள்.

ட்ரவுட் அன்லிமிடெட் என்ற தேசிய அமைப்பு தொடங்கியதும் அதே ஆற்றங்கரையில்தான், 1959இல். அப்போது அரசு பண்ணையில் வளர்த்த மீனைக் கொண்டுவந்து கொட்டி, பிடிப்பவர்களைத் திருப்திப்படுத்திக்கொண்டிருந்தது. ஆறு நன்றாக இருந்தால் மீன் தானே பெருகும், ஆற்றைக் கவனியுங்கள் என்று சொல்வதற்காகச் சில மீன்பிடிப்பாளர்கள் கூடினார்கள். நாங்கள் ஓடையில் மரம் இழுத்ததும் அதே எண்ணத்தின் தொடர்ச்சி. எங்கள் சங்கம் தனிச் சங்கம், ஆனால் இந்த வேலை முறைகளை இப்படிப்பட்ட பெரிய அமைப்புகளிடமிருந்துதான் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார்கள்.

வேட்டைப் பக்கம் எனக்கு முதலில் தயக்கம் இருந்தது. துப்பாக்கி என்றாலே எனக்கு ஞாபகம் வருவது அவசரப் பிரிவு. அங்கே வந்து சேர்கிறவர்களைப் பார்த்தவள் நான். சங்கத்தில் பாதிப் பேர் வேட்டைக்காரர்கள், அவர்களோடு ஆற்றில் வேலை செய்துவிட்டு அவர்கள் செய்வதைப் பார்க்கவே மாட்டேன் என்பது நியாயமாகப் படவில்லை. இரண்டாவது வருடம் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்தேன். மிஷிகனில் 1960 ஜனவரி 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் இந்த வகுப்பை முடித்தால்தான் வேட்டை லைசென்ஸ் வாங்க முடியும். புதியவர்கள் அனுபவப்பட்ட ஒருவர் துணையோடு இரண்டு பருவம் பழகுநர் லைசென்ஸில் போகலாம். கற்றுக்கொடுப்பவர்கள் அரசு தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்த தொண்டர்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் பதினோரு வயதுப் பெண், அவளுக்கு அந்தப் பக்கம் அறுபதை நெருங்கும் ஒருவர்.

எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருப்பதாகவே நினை. குழல் யார் பக்கமும் திரும்பக் கூடாது. குறியும் குறிக்குப் பின்னால் இருப்பதும் தெரியாமல் சுடாதே. சுடும் நொடி வரை விரலை விசைக்கு வெளியே வை. இதை அந்த இரண்டு நாளில் ஐம்பது தடவை சொல்லவைத்திருப்பார்கள். மரத்தில் ஏறி உட்காரும் மேடையிலிருந்து விழுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். தரையில் இருக்கும்போதே பாதுகாப்பு வாரைப் பூட்டு, இறங்கித் தரையைத் தொட்ட பிறகு கழற்று, துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாதே, காலியாக்கிக் கயிற்றில் கட்டி மேலே இழு. விழுந்து முதுகெலும்பு உடைந்து வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அந்த ஆசிரியருக்கு நன்றி சொன்னேன்.

நவம்பர் 15 துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் திறக்கும் நாள். அந்தப் பருவம் 30ஆம் தேதி வரை. வருடா வருடம் தேதி மாறாது. சங்கத்தில் ஒரு மூத்த பெண்மணி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சூரியன் வர அரை மணி இருக்கும்போதே ஆரஞ்சு மேலாடையோடு உட்கார்ந்தோம். காடு வெளுப்பதை அசையாமல் உட்கார்ந்து பார்ப்பது அதுவரை எனக்கு வாய்த்ததில்லை. ஏழே முக்காலுக்கு ஒரு பெண்மான் மேட்டின் உச்சியில் வந்து நின்றது. அதற்குப் பின்னால் வெறும் வானம். குண்டு தவறினால் எங்கே போய் விழும் என்று தெரியாது. அவர் காதோரம் "என்ன செய்யப் போகிறாய்?" என்று மட்டும் கேட்டார். சுடவில்லை. அவர் என் தோளை ஒருமுறை அழுத்தினார். அன்று மதியம் வேறொரு இடத்தில் அவர் ஒரு மானை ஒரே குண்டில் வீழ்த்தினார். நான் அதைச் சுத்தம் செய்ய உதவினேன். நான் இன்னும் ஒரு மானும் சுட்டதில்லை. இனி சுடுவேனா என்பதை அந்த நேரம் வரும்போது பார்த்துக்கொள்கிறேன். அவசரப்படுத்தியவர் சங்கத்தில் ஒருவர்கூட இல்லை.

எங்கள் பகுதி மான்களுக்கு இன்னொரு கவலை உண்டு. மான்களின் மூளையைக் கெடுத்து மெலியவைத்துக் கொல்லும் நோய் ஒன்று இருக்கிறது. மருந்து கிடையாது. மிஷிகனின் காட்டு மான்களில் முதன்முதலாக அது 2015இல் லான்சிங்கை ஒட்டிய மெரிடியன் டவுன்ஷிப்பில் கண்டுபிடிக்கப்பட்டது. மான்கள் ஒரே இடத்தில் கூடித் தின்றால் தொற்று பரவும் என்பதால், தீவனம் போட்டு வேட்டையாடுவதை, லான்சிங் இருக்கும் கீழ்த் தீபகற்பத்தில் 2019இல் தடை செய்தார்கள். சங்கத்தில் அதற்கு முணுமுணுப்பு இருந்தது. பழக்கத்தை விட யாருக்கு மனம் வரும்? ஆனாலும் சோதனைக்கு மான் தலையைக் கொடுப்பது எப்படி, எங்கே கொடுப்பது என்று பருவம் தொடங்குமுன் கூட்டம் போட்டுச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த மருத்துவப் படிப்பைக் கொண்டு சென்ற வருடம் அந்தக் கூட்டத்தில் பத்து நிமிடம் நானும் பேசினேன்.

பணம் எங்கே போகிறது என்பதை நம் ஆட்கள் கட்டாயம் கேட்பார்கள். மிஷிகனில் குடியிருப்பவருக்கு ஒரு வருட மீன்பிடி லைசென்ஸ் 26 டாலர். ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை செல்லும். 17 வயது ஆகாத பிள்ளைகளுக்குத் தேவையில்லை. பிப்ரவரியில் ஒரு வார இறுதியும் ஜூனில் ஒரு வார இறுதியும் யாருக்குமே லைசென்ஸ் வேண்டாம். பழகிப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. லைசென்ஸ் பணம் மாநிலத்தின் மீன், வன உயிர் வேலைக்கே போக வேண்டும், வேறு செலவுக்குத் திருப்பினால் மத்திய அரசு தரும் பங்கு நின்றுவிடும். அந்தப் பங்கு எங்கிருந்து வருகிறது என்றால், 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உள்ள, இப்போது 11 சதவீதமாக இருக்கும் வரியை இதற்கென்றே ஒதுக்கியது. 1950இல் டிங்கெல்-ஜான்சன் சட்டம் மீன்பிடிச் சாமான்களின் 10 சதவீத வரியை அதேபோல் ஒதுக்கியது. டிங்கெல் மிஷிகன்காரர். தயாரிப்பாளரே கட்டிவிடுவதால் கடையில் நமக்குத் தெரியாது. மகனுக்கு வாங்கிய கோலிலும் அது இருந்திருக்கிறது.

வாத்து முத்திரை என்று ஒன்று அஞ்சலகத்தில் விற்கும், 25 டாலர். 1934லிருந்து வருகிறது. 16 வயது முடிந்தவர்கள் வாத்து வேட்டைக்குப் போக அது கட்டாயம். ஒவ்வொரு டாலரிலும் 98 காசு சதுப்பு நிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. நான் வாத்து சுடுவதில்லை. இருந்தாலும் வருடா வருடம் வாங்கி மகனின் ஆல்பத்தில் ஒட்டுகிறோம். நுழைவுக் கட்டணம் வாங்கும் தேசிய வன உயிர்ப் புகலிடங்களில் அதைக் காட்டினால் உள்ளே விடுவார்கள்.

தேசிய அமைப்பில் சேர்வதா, உள்ளூர்ச் சங்கத்தில் சேர்வதா என்றும் கேட்டீர்கள். வாத்தும் சதுப்பு நிலமும் பிடிக்கும் என்றால் டக்ஸ் அன்லிமிடெட், 1937லிருந்து இருக்கிறது. காட்டு வான்கோழிக்கு 1973இல் தொடங்கிய கூட்டமைப்பு உண்டு. மிஷிகனில் அந்தப் பறவை அடியோடு ஒழிந்து, 1954இல் பென்சில்வேனியாவிலிருந்து கொண்டுவந்து விட்டுப் பெருக்கியது என்பதை, இன்றைக்குச் சாலையோரம் கூட்டமாக மேய்வதைப் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். பெண்களுக்குத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால், 1991இல் விஸ்கான்சினில் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவிய ஒரு வார இறுதிப் பயிலரங்கு இருக்கிறது. மிஷிகனில் அதை இயற்கைவளத் துறை நடத்துகிறது. வேட்டை, மீன்பிடி, படகு, கூடாரம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் பிள்ளைகளோடு சேர்ந்து கற்க வேண்டும், வாராவாரம் போய்வர வேண்டும் என்றால் பக்கத்துச் சங்கம்தான் தோது.

போன ஜூன் கடைசியில் சங்கத்திலிருந்து எட்டுப் பேர் ஆ சேபிளுக்குப் போனோம். அந்த வாரங்களில் இருட்டிய பிறகு ஹெக்ஸ் என்னும் பெரிய மே பூச்சி ஆற்றிலிருந்து கிளம்பும். நம் ஊரில் மழைக்கு முன்னால் ஈசல் கிளம்புமே, அதுபோல. ஆற்றின் சேற்றுப் பகுதிகளில் புழுவாகக் கிடந்தது ஓரிரவில் சிறகு முளைத்து மேலே வரும். பகலில் வெளியே வராத பெரிய ப்ரவுன் ட்ரவுட்கூட அதற்காக மேலே வந்துவிடும். ஒன்பதரை மணிக்குத் தண்ணீரில் இறங்கி, விளக்கு எதுவும் போடாமல், சும்மா நின்றோம். தச்சர் வெப்பமானியை நீரில் விட்டுப் பார்த்தார், 64 டிகிரி ஃபாரன்ஹீட். 68ஐத் தாண்டினால் அவர் மீன் பிடிக்க விட மாட்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் போராடிக் களைத்த ட்ரவுட்டைத் திரும்ப விட்டாலும் பல சமயம் பிழைக்காது. பத்தே காலுக்குப் பூச்சிகள் முகத்தில் மோதத் தொடங்கின. ஆற்றின் மேற்பக்கம் எங்கோ, மீன் பூச்சியை விழுங்கும் 'பொளக்' என்ற ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று, கிட்டத்தில்.

கண்ணால் ஒன்றும் தெரியாது. சத்தம் வந்த இடத்துக்குக் கொஞ்சம் மேற்பக்கமாக வீசி, மனதுக்குள் எண்ணி, அடுத்த சத்தத்துக்குக் கோலைத் தூக்க வேண்டும். மகன் மூன்று தடவை தூக்கினான், மூன்றும் காலி. நான்காவதில் கோல் வளைந்தது. அவன் கத்தவே இல்லை, "அம்மா" என்று மெதுவாகச் சொன்னான். வலையில் ஏந்தியபோது என் முழங்கை முதல் விரல் நுனி வரை இருந்தது. கையை நனைத்துக்கொண்டு, வயிற்றுக்கு அடியில் தாங்கி, தலையை நீரோட்டத்துக்கு எதிரே வைத்துப் பிடித்தான். அரை நிமிடம் போல அது அப்படியே மூச்சுவாங்கிக்கொண்டு நின்றது. பிறகு அவன் கையை ஒரு உதறு உதறிவிட்டுப் போனது. வண்டியில் திரும்பும்போது தூங்கிவிடுவான் என்று நினைத்தேன். க்ளேர் தாண்டும்வரை அந்த உதறலையே சொல்லிக்கொண்டிருந்தான்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கிறேன். அட்டவணைக் குழப்பத்துக்கும் உடை அளவுக்கும் ஒன்று குறைத்திருக்கிறேன். சேர விரும்பினால் ஏப்ரலில் சேருங்கள், பிள்ளைகள் வகுப்பு மே மாதம் நிரம்பிவிடும். அடுத்த வேலை நாள் மே மாத இரண்டாவது சனிக்கிழமை, காலை எட்டு மணி, பணம் எதுவும் வேண்டாம். கனமான கையுறையை உங்கள் அளவுக்கு நீங்களே கொண்டுபோய்விடுங்கள், மாற்றுக்கு ஒரு ஜோடி காலுறையும். நானும் மகனும் அங்கே இருப்போம்.